மரண பயம் விசுவாசக் குறைவா? திபிரின் துறவிகளை முன்வைத்து ஒரு விவாதம்

நெய்தல்வாசகன் எழுதியது:

நம் சபைகளில் அடக்க ஆராதனையின்போது சொல்லப்படும் சாட்சிகள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைகின்றன. "கடைசி மூச்சுவரை ஸ்தோத்திரம் சொன்னார்", "சிரித்த முகத்தோடு மகிமைக்குள் பிரவேசித்தார்" என்று சொல்லி முடிக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடுங்கியவர்கள், அழுதவர்கள், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் எந்தச் சாட்சியிலும் இடம்பெறுவதில்லை. எங்கள் சபையில் நோய்ப்படுக்கையில் இருந்த ஒரு தாயாரிடம், சந்திக்க வந்த ஒருவர், "விசுவாசி பயப்படக் கூடாது, பயம் பிசாசின் ஆயுதம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தாயார் தமக்குப் பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பயம் அவரை விட்டுப் போகவில்லை என்பது இரவில் அருகில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமைதான் போயிற்று.

ஆகையால், மரணத்துக்கு அஞ்சுவது விசுவாசக் குறைவா என்ற கேள்வியை இங்கே வைக்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் வசனங்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருப்போம் என்பதால், நான் பல ஆண்டுகளாக வாசித்தும் தியானித்தும் வரும் ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன்.

அல்ஜீரியாவில், மெதெயா நகருக்கு அருகே, அட்லஸ் மலைச்சரிவில் திபிரின் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடம் ஒன்று இருந்தது. சுற்றிலும் வாழ்ந்தவர்கள் அனைவரும் முஸ்லிம்கள். துறவிகள் தோட்ட வேலை செய்தார்கள், நேரந்தவறாமல் வேதாகமச் சங்கீதங்களைப் பாடி ஜெபித்தார்கள், யாரையும் மதம் மாற்ற முயலவில்லை. அவர்களில் லூக் என்ற மருத்துவர் 1946 முதல் அந்த ஊரார்க்கு இலவசமாகச் சிகிச்சை அளித்து வந்தார்.

1992இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வெளிநாட்டவர் அனைவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆயுதக் குழுக்கள் கெடு விதித்தன. 1993 டிசம்பர் 14ஆம் தேதி, மடத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், கட்டுமான வேலைக்கு வந்திருந்த 12 குரோவாசியர்கள் கழுத்தறுக்கப்பட்டார்கள். பண்டிகை நாட்களில் மடத்து ஆராதனைக்கு வந்துபோனவர்களும் அவர்களில் இருந்தார்கள். பத்து நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், சாயா அத்தியா என்பவரின் தலைமையில் ஆயுதம் தாங்கியவர்கள் மடத்துக்குள் வந்தார்கள். மடத்தின் தலைவர் கிறிஸ்தியான் தெ செர்ஜே, இந்த வீட்டுக்குள் யாரும் ஆயுதத்தோடு நுழைவதில்லை என்று சொல்லி அவர்களை வெளியே அழைத்துச் சென்று பேசினார். மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், பணம் வேண்டும் என்று கேட்டார்கள். உங்களுக்கு வேறு வழியில்லை என்று அத்தியா சொன்னபோது, எங்களுக்கு வழி இருக்கிறது என்று கிறிஸ்தியான் பதிலளித்தார். சமாதானப் பிரபுவின் பிறப்பைக் கொண்டாட இருக்கும் இரவில் வந்திருக்கிறீர்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். அத்தியா அது தமக்குத் தெரியாது என்று மன்னிப்புக் கேட்டு, மீண்டும் வருவோம் என்று சொல்லிப் போனார்.

இதுவரை உள்ள பகுதியை நாம் ஒரு வீர சாட்சியாகச் சொல்லிவிடலாம். அதற்குப் பின் நடந்ததையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த வருகையின் அதிர்ச்சியில் துறவிகளுக்குள் கலக்கம் உண்டாயிற்று. வெளியேறிவிடலாம் என்ற எண்ணமும் வலுவாக எழுந்தது. செலஸ்தீன் என்ற துறவியின் இருதயம் பாதிக்கப்பட்டு, பிரான்சுக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. வயதில் இளையவரான கிறிஸ்தோஃப் தம் நாட்குறிப்பில் தம்முடைய பயத்தை மறைக்காமல் எழுதினார். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் மனத்தில் இருந்ததைச் சொல்லி, அல்ஜியர்ஸ் பேராயர் தெய்சியேயின் ஆலோசனையையும் கேட்டு, இருப்பதா போவதா என்று வாக்கெடுத்தார்கள். இருப்பது என்று முடிவாயிற்று. அதை ஒருமுறை தீர்மானித்துவிட்டு அமைதியாக இருந்துவிடவில்லை. 1994 மே மாதம் அல்ஜியர்ஸில் ஓர் அருட்சகோதரரும் அருட்சகோதரியும் நூலகத்தில் சுடப்பட்டபோதும், அந்த ஆண்டின் இறுதியில் தீஸி ஊஸூவில் நான்கு குருக்கள் கொல்லப்பட்டபோதும், அதே கேள்வி மீண்டும் அவர்கள் முன் வந்து நின்றது. சிகிச்சை முடிந்த செலஸ்தீன் அந்த மடத்துக்கே திரும்பி வந்தார்.

1996 மார்ச் 26ஆம் தேதி நள்ளிரவு கடந்து ஏழு பேர் கடத்தப்பட்டார்கள். மே மாதம் அவர்களைக் கொன்றுவிட்டதாக ஆயுதக் குழுவின் பெயரில் அறிக்கை வந்தது. மே 30ஆம் தேதி தலைகள் மட்டும் கிடைத்தன. கொன்றவர்கள் யார், எப்படிக் கொன்றார்கள் என்பது இன்றுவரை வழக்கிலும் வாதத்திலும் இருக்கிறது. 2018 டிசம்பர் 8ஆம் தேதி ஒரானில், அந்த ஆண்டுகளில் அல்ஜீரியாவில் கொல்லப்பட்ட 19 கத்தோலிக்கத் துறவியருக்கும் குருக்களுக்கும் புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலையான முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. இந்த ஏழு பேரும் அவர்களில் அடங்குவர்.

செலஸ்தீனின் இருதயம் தளர்ந்ததை விசுவாசக் குறைவு என்று நாம் சொல்வோமா? சொல்ல மாட்டோம் என்றால், நம் வீட்டுப் படுக்கையில் கிடக்கும் தாயிடம் மட்டும் ஏன் சொல்கிறோம்?

தெபோராள் எழுதியது:

சகோதரர் எழுதியதை மரியாதையோடு வாசித்தேன். அந்தத் தாயாரிடம் அப்படிப் பேசியது அன்பான பேச்சு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், வேதம் தெளிவாகச் சொல்வதை நம் அனுதாபத்துக்காக மங்கச் செய்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதுகிறார். தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எபிரெய நிருபமோ, மரண பயத்தினால் வாழ்நாளெல்லாம் அடிமைப்பட்டிருந்தவர்களை விடுவிக்கவே கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்கிறது. விடுதலையாக்கப்பட்டவர்கள் மீண்டும் அடிமைகளைப் போலப் பேசலாமா?

நான் வளர்ந்த பெந்தெகொஸ்தே சபையில், புற்றுநோயோடு பல மாதங்கள் போராடிய ஒரு சகோதரி, மரிப்பதற்கு முந்தைய நாள் எங்களுக்காக ஜெபித்தார். நாங்கள் அவருக்காக ஜெபிக்கப் போயிருந்தோம். அந்த அறையில் பயம் இருக்கவில்லை. அதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்தக் கிருபையை எல்லாருக்கும் எதிர்பார்க்கலாம் என்று நான் போதிக்கப்பட்டிருக்கிறேன். பயத்தை இயல்பானது என்று சொல்லத் தொடங்கினால், அந்தக் கிருபைக்காக யாரும் ஜெபிக்க மாட்டார்களோ என்பதே என் கவலை.

வடக்குவீதி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். குண்டு விழும் சத்தத்துக்கு நடுவே செபமாலை சொல்லி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்ற வரியைச் சிறுவயதிலிருந்து எண்ணற்ற முறை சொல்லியிருக்கிறோம். மரண நேரம் அஞ்சத்தக்கது, அங்கே நாம் தனியாக நிற்க இயலாது, நமக்காக யாராவது வேண்ட வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அந்த வரியைத் திருச்சபை பிள்ளைகளின் வாயில் வைத்திருக்காது. சூசையப்பரை நன்மரணத்தின் பாதுகாவலராக வணங்குவதும் அதே எண்ணத்தினால்தான்.

தெபோராள் சகோதரி காட்டிய யோவானின் வசனத்துக்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். "நியாயத்தீர்ப்புநாளிலே நமக்குத் தைரியமுண்டாயிருக்கத்தக்கதாக" என்று அது தொடங்குகிறது. அங்கே தள்ளப்படும் பயம், தேவன் என்னைத் தள்ளிவிடுவார், தண்டிப்பார் என்ற பயம். உடல் நடுங்குவதைப் பற்றியோ, மூச்சு நின்றுபோவதை நினைத்துக் கலங்குவதைப் பற்றியோ யோவான் அங்கே பேசவில்லை என்பது என் புரிதல்.

இதைவிடப் பெரிய சாட்சி, இயேசு கைதான இரவில் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் இருக்கிறது. இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார். இயேசு தம் பயத்தை மூன்று சீடர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார், துன்பத்தின் பாத்திரம் நீங்கும்படி பிதாவிடம் கெஞ்சினார். எபிரெய நிருபமும் அவர் "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" வேண்டியதைச் சொல்கிறது. நம் சபைகளில் உள்ள அளவுகோலால் அளந்தால் அந்த இரவில் ஆண்டவரே விசுவாசக் குறைவுள்ளவர் என்று ஆகிவிடும். அந்த இரவில் குறை எங்கே இருந்தது என்றால், தூங்கிப்போன சீடர்களிடம் இருந்தது. பயந்தவர் கேட்ட ஒரே உதவியை அவர்கள் செய்யவில்லை.

உயிர்த்த பிறகும் இயேசு பேதுருவிடம், அவர் முதிர்வயதில் சாகப்போகும் விதத்தைக் குறிக்கும்போது, "உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு" வேறொருவன் கொண்டுபோவான் என்றே சொன்னார். தலைமைச் சீடரின் இரத்தசாட்சி மரணத்தைப் பற்றிய முன்னறிவிப்பிலேயே, அவர் அதை விரும்பமாட்டார் என்பதும் அடங்கியிருக்கிறது.

மறுபக்கம் எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்லன். எந்த மதத்தையும் பின்பற்றுபவனும் அல்லன். உங்கள் உரையாடலின் நேர்மை காரணமாக இரண்டு கேள்விகளைக் கேட்கத் துணிகிறேன்.

முதலாவது, மரணத்துக்குப் பின் நித்திய வாழ்வு உண்டு என்று உறுதியாக நம்புகிறவர் பயப்படுவதற்குக் காரணமே இல்லையே. பயம் இருக்கிறது என்றால், அந்த நம்பிக்கையை மனம் முழுதாக ஏற்கவில்லை என்று கொள்வதுதானே முறை? இரண்டாவது, கொல்லப்படுவோம் என்று தெரிந்தும் ஓரிடத்திலேயே இருப்பது, சாவைத் தேடிப் போவதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? அந்தத் துறவிகள் பிரான்சுக்குத் திரும்பிப் போயிருந்தால் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இறந்துபோன பிறகு அவர்களைப் போற்றுவது, இன்னும் சிலரையும் அதே வழியில் அனுப்பிவிடாதா?

நெய்தல்வாசகன் எழுதியது:

மறுபக்கம் ஐயா, இரண்டும் நியாயமான கேள்விகள்.

முதல் கேள்வியில் ஓர் அனுமானம் இருக்கிறது. மரணம் என்பது ஒரு கதவு, அதற்கு அப்பால் நல்ல இடம் இருக்கிறது, ஆகையால் மரணத்தில் தீங்கில்லை என்று கிறிஸ்தவம் போதிப்பதாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். எங்கள் பாடல்களிலும் அப்படிப்பட்ட தொனி இருப்பதால் அது உங்கள் பிழை அல்ல. ஆனால் பவுல் மரணத்தைப் "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு" என்கிறார். இறந்துபோன நண்பர் லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப் போகிறோம் என்று அறிந்தும் இயேசு அந்தக் கல்லறையருகே கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை நம்புவதால் மரணம் எங்களுக்கு நட்பாகிவிடுவதில்லை. அது தோற்கடிக்கப்படும் பகையாகவே இருக்கிறது. பகையின் எதிரே நிற்கும் உடல் நடுங்குவது, அந்த உடலைத் தேவன் நல்லதாகப் படைத்தார் என்பதோடு முரண்படவில்லை.

இரண்டாவது கேள்வியைத் துறவிகளே தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். கிறிஸ்தியான் 1993 டிசம்பருக்கும் 1994 ஜனவரிக்கும் இடையே ஒரு மரண சாசனம் எழுதி வைத்தார். அவர்கள் இறந்தபின் 1996 பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அது திறக்கப்பட்டது. அதில் இப்படிப்பட்ட மரணத்தை நான் விரும்ப முடியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். தாம் நேசிக்கும் இந்த அல்ஜீரிய மக்கள்மேல் கொலைப்பழி ஒட்டுமொத்தமாக விழும் என்பதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறார். இரத்தசாட்சி என்ற பெருமைக்கு ஒரு அல்ஜீரியன் கொலைகாரனாக வேண்டியிருக்கும் என்றால் அந்த விலை மிக அதிகம் என்பது அவர் கருத்து. சாவைத் தேடுகிறவர் இப்படி எழுத மாட்டார். தம்மைக் கொல்லப்போகிறவரையும் அதே சாசனத்தில் கடைசி நிமிடத்து நண்பன் என்று அழைத்து, இருவருக்கும் பிதாவான தேவன் விரும்பினால் பரதீசில் (இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மனந்திரும்பிய கள்ளனைப் போல) நல்ல கள்ளர்களாகச் சந்திப்போம் என்று முடிக்கிறார்.

அவர் ஏன் இருந்தார் என்பதற்கு 1959இல் ஒரு வேர் இருக்கிறது. அப்போது கிறிஸ்தியான், பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலைக்காக நடந்த அல்ஜீரியப் போரில் இளம் பிரெஞ்சு அதிகாரி. முகமது என்ற உள்ளூர்க் காவலர், குடும்பஸ்தர், அவருடைய நண்பர். ஒரு மோதலின்போது முகமது குறுக்கே நின்று கிறிஸ்தியானைக் காப்பாற்றினார். மறுநாள் தம் கிணற்றருகே கொலையுண்டு கிடந்தார். தமக்காக ஒரு முஸ்லிம் உயிர் கொடுத்திருக்கிறார் என்பதைக் கிறிஸ்தியான் வாழ்நாள் முழுதும் சுமந்தார். மேலும் அந்தத் துறவிகள், சேர்ந்த மடத்திலேயே இறுதிவரை நிலைத்திருப்போம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். நாங்கள் கிளையில் அமர்ந்த பறவைகளைப் போல இருக்கிறோம், எப்போது பறப்போமோ தெரியாது என்று ஒரு துறவி சொன்னபோது, பறவைகள் நாங்கள், கிளை நீங்கள், நீங்கள் போய்விட்டால் நாங்கள் எங்கே அமர்வோம் என்று ஊரார் பதில் சொன்னதாகக் கூறப்படுகிறது. 1990களின் உள்நாட்டுப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்ஜீரியர்கள் மாண்டார்கள். அந்த ஊராருக்கு ஓடிப்போக பிரான்சு இருக்கவில்லை.

ஓடிப்போவதைத் திருச்சபை ஒருபோதும் பாவம் என்று பொதுவாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்று இயேசுவே சொன்னார். அதே வட ஆப்பிரிக்காவில், கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், 250இல் தேசியஸ் பேரரசர் காலத்துத் துன்புறுத்தலின்போது மறைந்து வாழ்ந்து, கடிதங்களின் மூலம் சபையை நடத்தினார். அதற்காக அவரைப் பலர் குறை கூறினர். அதே சிப்ரியான் 258 செப்டம்பர் 14ஆம் தேதி, ஓடாமல் நின்று, தீர்ப்பைக் கேட்டுத் தேவனுக்கு நன்றி என்று சொல்லி, தம்மை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொல்லித் தலை கொடுத்தார். ஒரே மனிதர், ஒரே விசுவாசம். ஒருமுறை போவது சரியாக இருந்தது, மறுமுறை இருப்பது சரியாக இருந்தது.

எப்போது எது சரி என்பதற்கு, வண்டல் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படைகள் நெருங்கியபோது ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன், ஹொனொராத்துஸ் என்ற ஆயருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி காட்டுகிறார். தேடப்படுகிறவர் ஆயர் ஒருவர் மட்டும்தான், மக்களைக் கவனிக்க வேறு பணியாளர்கள் இருக்கிறார்கள் என்றால் அவர் போகலாம். ஆபத்து எல்லாருக்கும் பொதுவானது, மக்கள் போக இயலாதவர்கள் என்றால், அவர்களுக்குப் பணி செய்ய வேண்டியவர் அவர்களை விட்டுப் போகக் கூடாது. பயப்படுகிறாயா இல்லையா என்று அகுஸ்தீன் கேட்கவில்லை. உன்னை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். திபிரினில் எடுக்கப்பட்ட முடிவு இந்தப் பழைய ஆப்பிரிக்க மரபோடு அப்படியே பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இறையியல் தெரியாது; பார்த்ததைச் சொல்கிறேன்.

மரண பயம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது பல பயங்கள். மூச்சுத் திணறுமோ என்ற பயம், வலி தாங்க முடியாமல் கத்திவிடுவோமோ என்ற பயம், கடன் என்ன ஆகும், கல்யாணமாகாத மகள் என்ன ஆவாள் என்ற பயம், படுக்கையிலேயே மலம் கழித்து மற்றவருக்குப் பாரமாகிவிடும் அவமானம். இவற்றில் பலவற்றுக்கு வசனம் மருந்து அல்ல. மூச்சுத் திணறலுக்கு மார்ஃபினைச் சரியான அளவில் கொடுத்தால் நன்றாகத் தணியும். மகளைப் பற்றிய பயத்துக்கு, அண்ணன் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் தணியும். இவை எல்லாம் தணிந்தபின்னும் எஞ்சி நிற்கும் ஒரு பயம் உண்டு, அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. அந்த நேரத்தில் யாராவது அருகில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எல்லா மதத்தாரிடமும் பார்த்திருக்கிறேன்.

கிறிஸ்தவ நோயாளிகளிடம் தனியாக ஒன்றைக் கவனித்திருக்கிறேன். போதகரோ மூப்பர்களோ வரும்போது முகத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "கர்த்தர் நல்லவர்" என்கிறார்கள். அவர்கள் போனபிறகு எங்களை அழைத்து அழுகிறார்கள். இந்து நோயாளிகளும் முஸ்லிம் நோயாளிகளும் தங்கள் பெரியவர்கள் முன்னிலையில் இவ்வளவு மறைப்பதை நான் பார்த்ததில்லை. சாகிறவரிடமிருந்து சாட்சியை எதிர்பார்க்கும் பழக்கம் அவர்களைத் தனிமையில் தள்ளுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தெபோராள் எழுதியது:

இரவுப்பணி அக்கா எழுதியது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நாங்கள் பார்க்கப் போன சகோதரியும் எங்களுக்காக முகத்தைத் திருத்திக்கொண்டாரா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை என்றே நம்புகிறேன். அது உண்மையான சமாதானம் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு மரணத்தை எல்லாருக்கும் சட்டமாக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதை ஏற்கிறேன்.

வடக்குவீதி அண்ணன் சொன்ன வசனத்தின் சூழலை மீண்டும் வாசித்துப் பார்த்தேன். நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றித்தான் பேசுகிறது. அப்படியென்றாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பயமே இல்லாமல் மரித்த பரிசுத்தவான்களின் வரலாறுகளை நாம் என்ன செய்வது? ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் தூக்குமேடைக்குப் போகுமுன் முழங்காலில் நின்று ஜெபித்து, அமைதியாக ஏறினார் என்று நாங்கள் வாலிபர் கூட்டங்களில் கேட்டிருக்கிறோமே.

வடக்குவீதி எழுதியது:

போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோஸன்பூர்க் என்ற நாஜி வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். நீங்கள் கேட்ட அந்த விவரணை முகாமின் மருத்துவர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிக் கொடுத்தது. வதைமுகாமில் பணிபுரிந்தவருக்கு அந்த மரணங்களை அமைதியானவையாகக் காட்டக் காரணம் இருந்தது. அவர் சொன்ன சில விவரங்கள் முகாமின் அமைப்போடு பொருந்தவில்லை என்று ஆராய்ந்தவர்கள் பிற்பாடு ஐயம் எழுப்பினார்கள். ஆகையால் அந்தக் காட்சியின்மேல் எதையும் கட்டாமல் இருப்பது நல்லது.

அவரே எழுதியது நம்மிடம் இருக்கிறது. 1944இல் பெர்லின் டேகல் சிறையில் இருந்தபோது எழுதிய ஒரு கவிதையில், காவலர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதை முதலில் வைக்கிறார்: சிறையறையிலிருந்து நிதானமாக, தம் மாளிகையிலிருந்து வெளிவரும் பிரபுவைப் போல வருகிறேனாம். பிறகு தாம் அறிந்த தம்மை வைக்கிறார்: கலங்கி, ஏங்கி, மூச்சுக்குத் தவித்து, ஜெபிக்கவும் சோர்ந்து, வெறுமையாய் இருக்கும் ஒருவன். இந்த இருவரில் நான் யார் என்று கேட்கிறார். யாராக இருந்தாலும் தேவனே, நான் உம்முடையவன் என்பதை நீர் அறிவீர் என்று முடிக்கிறார். காவலர் கண்ட அமைதி பொய்யில்லை. உள்ளே இருந்த தவிப்பும் பொய்யில்லை. அவர் எது தம் உண்மை முகம் என்று தீர்க்காமலே தம்மைத் தேவனிடம் ஒப்புவித்தார். இரவுப்பணி அக்கா சொல்லும் நோயாளிகள் போதகரிடம் ஒரு முகமும் செவிலியரிடம் ஒரு முகமும் காட்டும்போது, இந்தக் கவிதையை அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் ஆறுதலாக இருக்கும்.

மறுபக்கம் எழுதியது:

என் கேள்விகளுக்கு வந்த பதில்களுக்கு நன்றி. நித்திய வாழ்வைப் பற்றிய இடத்தில் நான் இன்னும் உடன்படவில்லை. ஆனால் இருப்பதற்கும் சாவைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இப்போது புரிகிறது. அகுஸ்தீன் கேட்ட கேள்வியை மதம் இல்லாதவரும் கேட்டுக்கொள்ளலாம்.

நான் தேடி வாசித்ததில் ஒரு செய்தி கிடைத்தது. ஒரான் ஆயர் பியேர் கிளாவெரி 1996 ஆகஸ்ட் 1ஆம் தேதி வீட்டு வாசலில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது, அவருடைய வாகனத்தை ஓட்டிவந்த முகமது பூஷிகி என்ற முஸ்லிம் இளைஞரும் உடன் இறந்தார். அவருக்கு ஆபத்து தெரியும். அவரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு சிறு சாசனத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். உங்கள் விவாதத்தில் அவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நெய்தல்வாசகன் எழுதியது:

நிச்சயமாக இருக்க வேண்டும், ஐயா. சொன்னதற்கு நன்றி.

இன்னும் இரண்டு மரணங்களைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் கொல்லப்படப் போவதில்லை. படுக்கையில்தான் மரிக்கப் போகிறோம்.

ஹிப்போ நகரம் இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா. 430இல் வண்டல்கள் அதை முற்றுகையிட்டிருந்தபோது, அகுஸ்தீன் உள்ளே காய்ச்சலில் கிடந்தார். மற்றவருக்குச் சொன்னபடியே அவர் நகரை விட்டுப் போகவில்லை. அவருடைய நண்பர் பொஸ்ஸிதியுஸ் அந்த நாட்களைப் பதிவு செய்திருக்கிறார். தாவீதின் மனஸ்தாப (பாவத்துக்காக மனம் வருந்தும்) சங்கீதங்களைப் பெரிதாக எழுதிப் படுக்கைக்கு எதிரே சுவரில் மாட்டச் சொல்லி, அவற்றை வாசித்துக்கொண்டே இடைவிடாமல் அழுதாராம். கிருபையைப் பற்றி அவரளவுக்கு எழுதியவர் மேற்குத் திருச்சபையில் வேறு யாரும் இல்லை. அவர் சிரித்த முகத்தோடு போகவில்லை. ஆகஸ்ட் 28ஆம் தேதி அந்தக் கண்ணீரோடு மரித்தார். அந்தக் கண்ணீரை அவருடைய நண்பர் மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, திபிரினில் தப்பியவர்களின் மரணம். கடத்தல் நடந்த இரவில் மடத்தில் ஒன்பது துறவிகள் இருந்தார்கள். வந்தவர்கள் ஏழு பேரை மட்டும் கொண்டுபோனார்கள். அமெதேயும் ழான்-பியேரும் எஞ்சினார்கள். அவர்கள் பிறகு மொரோக்கோவுக்குப் போனார்கள். அமெதே 2008இலும், ழான்-பியேர் 2021 நவம்பரில் 97 வயதில் மிதெல்த் மடத்திலும் இறந்தார்கள். அதே வாக்கெடுப்பில் கைதூக்கியவர்கள், அதே பயத்தைச் சுமந்தவர்கள், அதே சங்கீதங்களைப் பாடியவர்கள். இந்த இருவரின் விசுவாசம் ஏழு பேருடையதைவிடக் குறைந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆகையால் மரணம் வந்த விதத்தை வைத்தோ அந்த நேரத்து முகத்தை வைத்தோ விசுவாசத்தை அளக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்தியான் தம் கடைசி மாதத்தில், 1996 மார்ச்சில், ஒரு தியானக் கூட்டத்தில் அத்தியாவைப் பற்றிப் பேசினார். அந்த மனிதனைக் கொன்றுவிடும் என்று தேவனிடம் கேட்க முடியவில்லை. அவனுடைய ஆயுதத்தைக் களைந்துவிடும் என்று கேட்கலாம் என்று நினைத்தாராம். முதலில் என் ஆயுதத்தைக் களையும், எங்கள் ஆயுதத்தைக் களையும் என்று கேட்காமல் அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று பிறகு தோன்றியதாம். அத்தியா போன இரண்டு மணி நேரத்தில் அவர்கள் செய்தது கிறிஸ்துமஸ் திருப்பலி. நடுங்கிய கைகளோடு ஆண்டவருடைய பிறப்பைக் கொண்டாடினார்கள் என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.

தெபோராள் எழுதியது:

சகோதரரே, நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். எங்கள் சபையின் சகோதரிகள் ஐக்கியம் மாதந்தோறும் மருத்துவமனைக்குப் போகிறது. பயப்படாதே என்று தொடங்கும் வசனங்களை மட்டுமே கொண்டு போகிறோம். அவற்றை நான் கைவிட மாட்டேன். "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற வாக்கு இல்லாமல் அந்தப் படுக்கையருகே எனக்குப் போகத் தெரியாது. ஆனால் அவற்றுக்கு முன் வேறு எதையாவது வாசிக்கலாமா?

இரவுப்பணி எழுதியது:

முதலில் எதையும் வாசிக்காமல், எதற்குப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள் சகோதரி. பதில் வலியைப் பற்றியதாக இருந்தால் பணியில் இருக்கும் செவிலியரை அழையுங்கள். குடும்பத்தைப் பற்றியதாக இருந்தால் குடும்பத்தாரிடம் சொல்ல அனுமதி கேளுங்கள். பதில் சொல்லாமல் அழுதால் எழுந்து போகாதீர்கள். ஒருவரோ இருவரோ வந்தால் போதும். பத்துப் பேர் நின்று பாடினால் நோயாளி களைத்துவிடுகிறார்.

வடக்குவீதி எழுதியது:

வாசிப்பதற்கு 88ஆம் சங்கீதத்தைப் பரிந்துரைக்கிறேன். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் இறுதியில் துதிக்குத் திரும்பும். இது திரும்புவதில்லை, தோழர்கள் விலகிப்போன இருளிலேயே முடிகிறது. அப்படி இருந்தும் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைக்கிறது. நோயாளி விரும்பினால் அதை வாசித்து, அதன்பின் நீங்கள் கொண்டுபோகும் 23ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். வரிசை மாறாமல் இருந்தால், தம்முடைய பயத்தை வேதம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை போய் வந்தபின் எப்படி இருந்தது என்று இந்த இழையிலேயே எழுதுங்கள்.